இரண்டடித் தண்ணீர்

கொடைக்கானல் ஏரியில் ஓதம் கிடையாது. கடல் ஏறுவதும் வற்றுவதும் இங்கே இல்லை. ஆனாலும் காலையில் படகுத்துறைக்கு வந்து, டிக்கெட் அறையில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழித்ததும் என் கண் தேடுவது தேதியை அல்ல, திதியை. வளர்பிறையா தேய்பிறையா, அட்டமி எப்போது, அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பார்த்த பிறகுதான் படகுகளின் பூட்டைத் திறப்பேன். ராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிக் கடற்கரையில் பிறந்தவனுக்கு அந்தப் பழக்கம் மலையேறி இருபது வருடமாகியும் விட்டுப்போகவில்லை. போகவும் வேண்டாம்.

விசைப்படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் முதன்முதலாக இங்கே வந்தேன். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை போடுவார்கள். அப்போது ஏப்ரல் 15 முதல் 45 நாள். 2017 முதல் அது 61 நாளாகிவிட்டது. கரையில் வேலை இல்லாத அதே நாட்கள்தான் கொடைக்கானலுக்குச் சீசன். துடுப்புப் போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லி வந்தேன். மூன்று சீசன் வந்து திரும்பினேன். நான்காவது முறை வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது துறையில் விசில் என் பொறுப்பு. படகு புறப்படலாமா, கரைக்குத் திரும்ப வேண்டுமா என்று சொல்ல வேண்டியவன் நான்.

எங்கள் பாக் விரிகுடாவின் ஓதம் சிறியது. குஜராத்தில் காம்பே வளைகுடாவில் கடல் முப்பதடிக்கு மேலும் ஏறி இறங்குகிறது. எங்கள் கரையில் இரண்டடி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதைவிடச் சற்றுக் கூடும். "இரண்டடிதானே" என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆழமான கடலில் இரண்டடி ஒன்றுமில்லைதான். ஆனால் தொண்டிப் பக்கம் கடலுக்குள் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அங்கே படகு மிதக்குமா உட்காருமா என்பதே அந்த இரண்டடியில்தான் இருக்கிறது.

எனக்கு அப்போது பதினாறு வயது. பெரியப்பாவின் வள்ளத்தில் நண்டு வலையை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள். வலையில் ஏறிய பாசியைப் பிரிப்பதிலேயே நேரம் போய்விட்டது. கரையில் காயப்போட்ட துணிகளின் நிறம்கூடத் தெரிகிற தூரத்தில் வள்ளத்தின் அடி தரையில் உரசியது. நான் எஞ்சினை முடுக்கினேன். விசிறி சேற்றைக் கலக்கி, பின்பக்கத் தண்ணீர் சாம்பல் நிறமானது.

"அணைத்துவிடு. மண்ணைத் தின்றால் எஞ்சின் செத்துப்போகும். போன தண்ணீர் திரும்பி வரும்" என்றார் பெரியப்பா.

பிறகு ஒரு கழியை எடுத்துச் சேற்றில் ஊன்றி, நீர்மட்டத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டார். அரை மணிக்கு ஒரு கீறல் போடச் சொல்லி, கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாயின் நிழலில் படுத்துக்கொண்டார். முதல் இரண்டு கீறல்களுக்கு நடுவே நான்கு விரல் அகலம் இருந்தது. போகப்போக அது மூன்று விரலாகி, ஒன்றரை விரலாகி, கடைசியில் புதிதாகக் கீற இடமில்லாமல் தண்ணீர் அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் கடைசிக் கீறல் நனைந்தது. கடல் திரும்பிவிட்டது. மறுபடி வள்ளம் ஆடி மிதக்கும்போது கூடையிலிருந்த நண்டுகளில் பாதி வெயிலில் செத்திருந்தன. அன்றைய வருமானம் போனது. பெரியப்பா என்னைத் திட்டவில்லை. அந்தக் கழியை வீட்டுக்கு எடுத்துவந்து கூரையில் செருகிவைத்தார்.

அந்தக் கீறல்கள் சொன்னதைப் பிறகுதான் கணக்காகத் தெரிந்துகொண்டேன். கடல் ஒரே சீராக வற்றுவதில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேர வற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் போய்விடும். கரையைப் பார்த்துக்கொண்டே "இன்னும் நேரம் இருக்கிறது" என்று நினைக்கிறவன் மாட்டிக்கொள்வது அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்றைய நேரத்திலிருந்து இன்று 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் பெருகும். அந்தப் பெருக்கம் பெரும்பாலும் திதி கழிந்து ஓரிரு நாளில்தான் முழுதாகத் தெரியும். அட்டமியை ஒட்டி இரண்டும் குறுக்காக நிற்கின்றன. கடல் சோம்பிக் கிடக்கும். ஓதத்தை எழுப்புவதில் சூரியனின் பங்கு நிலவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஏரிக்கு மேலே மலையுச்சியில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே வெள்ளைக் குவிமாடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டியின் சேற்றுக்கரை நினைவுக்கு வரும். ஏழாயிரம் அடி உயரத்தில் அவர்கள் பார்க்கிற அதே சூரியன்தானே கீழே பெரியப்பாவின் வள்ளத்தைத் தரைதட்ட வைத்ததிலும் பங்கு வைத்திருந்தது!

திதிக்குத் தெரியாத ஒன்று காற்று. ஓத அட்டவணை நிலவையும் சூரியனையும் வைத்துப் போட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று விரிகுடாத் தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளி நிறுத்தினால் அட்டவணையில் உள்ள அளவு பொய்த்துவிடும். பாம்பனில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனி, ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்க, வடகடலான பாக் விரிகுடா குளம்போலக் கிடக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். பாலத்தின் கீழ் ஓடும் நீரோட்டம்கூடக் காற்றுக்காலத்தோடு திசை மாறும். நூறடி தள்ளி நின்று பார்ப்பவனுக்கு ஒரே தண்ணீர்தான். அதைக் கடக்கிறவனுக்கு அது வேறு வேறு கடல்.

இத்தனையும் கற்றுக்கொண்டு வந்தவன் இந்த ஏரியைப் பார்த்ததும் முதலில் நிம்மதியடைந்தேன். அலை இல்லை, நீரோட்டம் இல்லை. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்சு அணைகட்டி உண்டாக்கிய ஏரி, அறுபது ஏக்கர். சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். எங்கே நின்றாலும் ஏதோ ஒரு கரை பக்கத்தில் இருக்கும். இங்கே என்ன ஆகிவிடப்போகிறது என்று நானும் நினைத்தேன். "இரண்டடிதானே" என்று சொன்னவர்களைப்போலத்தான் நினைத்திருக்கிறேன் என்பது ஒரு மே மாதப் பிற்பகலில் தெரிந்தது.

இரண்டு மணி இருக்கும். நல்ல வெயில். பெருமாள்மலைப் பக்கம் மேகம் கோபுரம்போல எழும்பி, அடிப்பாகம் கறுத்திருந்தது. வரிசையில் ஐம்பது பேர் நின்றார்கள். ஓர் அப்பா, அம்மா, ஆறு வயதுச் சிறுமி. அரை மணி நேரம்தானே என்று அவர்களுக்குக் கூரை போட்ட மிதிபடகு ஒன்றைக் கொடுத்தேன். அந்தத் தீர்மானம் என்னுடையது; தவறும் என்னுடையது. கால் மணி நேரத்தில் எதிர்க்கரை யூகலிப்டஸ் மரங்களின் இலைகள் ஒன்றாகத் திரும்பி வெளுத்தன. தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு கோடு எங்களை நோக்கி ஓடிவந்தது. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே விழுந்து நாலாபக்கமும் சிதறும்போது மழைக்கு முன்னால் வருவது அதுதான். கடலில் அதைத் தூரத்திலேயே பார்த்துவிடலாம். இங்கே மலைகளுக்கு நடுவே, அது தெரியும்போதே வந்துசேர்ந்துவிடுகிறது.

மிதிபடகின் கூரைதான் அதற்கு எமன். காற்றுக்கு அது பாய். எவ்வளவு மிதித்தாலும் படகு காற்று போன திசைக்குத்தான் போகும். ஏரி நட்சத்திர வடிவம். அந்தப் படகு ஒரு வளைவைத் தாண்டி அடுத்த கைக்குள் போய் மறைந்துவிட்டது. விசில் ஊதினால் கேட்கும், ஆனால் அவர்களால் திரும்ப முடியாது. நானும் இன்னொருவரும் துடுப்புப் படகில் போனோம். கரையோரப் பாசியில் சிக்கிச் சாய்ந்தபடி நின்றது படகு. சிறுமியின் லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறியிருந்தது. இறுக்குகிறது என்று அழுததால் பட்டையைக் கழற்றிவிட்டார்களாம். தண்ணீரில் விழுந்திருந்தால் ஜாக்கெட் மேலே மிதந்திருக்கும், குழந்தை நழுவிக் கீழே போயிருக்கும். நான் முதலில் அந்தப் பட்டையைத்தான் மாட்டினேன். விரல்கள் விறைத்துப்போய், கொக்கி மூன்று முறை நழுவியது. பிறகுதான் கயிற்றைக் கட்டினேன்.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் கடலில் தவறி விழுந்தவனுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு; தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இந்த ஏரியில் விழுந்த கணமே மூச்சு உள்வாங்கும். அந்த ஒரு மூச்சு தண்ணீருக்கு அடியில் வந்தால் நீச்சல் தெரிந்தவனும் தப்புவது கடினம். நன்றாக நீந்தத் தெரியும், ஜாக்கெட் எதற்கு என்று வாதாடும் இளைஞர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்கிறேன். கேட்காவிட்டால் படகு கிடையாது.

அன்றிலிருந்து மேகத்தின் அடிப்பாகம் கறுத்தால் வெயில் அடித்தாலும் விசில் ஊதிவிடுவேன். "வெயில் அடிக்கிறதே, ஏன் நிறுத்துகிறீர்கள்?" என்று கேட்காத சீசன் நாள் கிடையாது. ஊரிலிருந்து ஆசையோடு வந்தவர்கள், குழந்தைகள் அழும். அவர்கள் வருத்தம் நியாயமானது. எனக்கும் மனசு கனக்கும். ஆனால் கரையில் நின்று கோபப்படுகிறவர்கள் கரையில் இருக்கிறார்கள்; எனக்கு அது போதும்.

வானிலை அறிக்கையை நான் படிக்கும் விதமும் அந்த நாளுக்குப் பிறகு மாறியது. "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று மீனவர்களுக்கான எச்சரிக்கையில் வரும். பெரும்பாலோர் முதல் எண்ணோடு நின்றுவிடுவார்கள். படகைக் கவிழ்ப்பது அந்த "இடையிடையே" என்ற சொல்தான். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். துறைமுகத்துப் புயல் கூண்டுகளும் அப்படித்தான். 1 என்றால் தொலைவில் புயல் உருவாகக்கூடிய வானிலை இருக்கிறது, 3 என்றால் துறைமுகத்தையே பலத்த காற்று தாக்கலாம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். ஊரில் எல்லோரும் 10ஐப் பார்த்துப் பயப்படுவார்கள். பெரியப்பா பயந்தது 11ஆம் எண்ணைப் பார்த்துத்தான். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். இனிமேல் சொல்ல ஆள் இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. முந்தின நாள் மாலையே துடுப்புப் படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்து, மிதிபடகுகளுக்கு இரட்டைக் கயிறு கட்டச் சொன்னேன். "புயல் கடற்கரைக்குத்தானே, மலைக்கு என்ன?" என்று கேட்டார்கள். மறுநாள் அதே புயல் திண்டுக்கல் வழியாக மேற்கே வந்தது. மரங்கள் சாய்ந்தன, மலைப்பாதை அடைபட்டது, மின்சாரம் போனது, மண்சரிவில் உயிர்களும் போயின. ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போகவில்லை. இரண்டு நாள் கழித்து அவன் குரல் கேட்டபோது அவன் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "அங்கே மலையில் எப்படி இருக்கிறது?" என்பதுதான்.

போன மாசியில் துறையில் என்னோடு வேலை செய்யும் பூம்பாறைத் தம்பி, மனைவியோடு ராமேஸ்வரம் போனான். வழியில் தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக ஆசை. காலை ஏழு மணிக்குப் போன் செய்தான்.

"அண்ணே, கடல் கண்ணாடிபோல இருக்கிறது. படகுக்காரர் மதியம் இரண்டு மணிக்கு மேல் வரச் சொல்கிறார். இப்போதே கூட்டிப்போகச் சொல்லட்டுமா? காற்றே இல்லை."

"பக்கத்தில் தூண் ஏதாவது இருக்கிறதா? தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரத்துக்கு ஈரம் தெரிகிறது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. இறங்கிப்போய்ப் பார்க்கிறான்.

"ஒரு சாண் இருக்கும், அண்ணே."

"இனிமேல்தான் வேகமாக இறங்கும். அவர் சொல்வதைக் கேள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. போவதற்கு முன் அந்த ஈரத்துக்குக் கீழே, தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டு வை."

அவன் எதைக்கொண்டு கோடு போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தபோது ஏரியில் மேகம் இறங்கிவிட்டது. எதிர்க்கரை மறைந்தது, பிறகு நடுவில் மீன்காரரின் பரிசல் மறைந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினேன். கரை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். மறுமுனையில் தம்பி கேட்டான், "அங்கே மேகமா, அண்ணே?"