முப்பத்திரண்டு மணி நேரமும் ஒரு டப்பா மக்ரூனும்

2023ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி மாலை ஏழு மணிக்குப் புன்னைக்காயலில் எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றபோது, கடவுச்சீட்டைவிடக் கவனமாக நான் கையில் பிடித்திருந்தது ஒரு கிலோ தூத்துக்குடி மக்ரூன் அடைத்த தகர டப்பாவைத்தான். முட்டையின் வெள்ளைக் கருவும் சீனியும் முந்திரிப்பருப்பும் சேர்த்துச் செய்யும் அந்தப் பண்டம் தொட்டால் நொறுங்கிவிடும். அதை லிஸ்பன் வரைக்கும் முழுதாகக் கொண்டு சேர்ப்பது நடக்காத காரியம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். போர்த்துக்கீசியர் விட்டுப்போன பலகாரம் என்று தூத்துக்குடியில் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அதை அவர்கள் ஊருக்கே கொண்டுபோய் அவர்களிடம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு.

நாங்கள் போனது கத்தோலிக்க இளைஞர்கள் கூடும் உலக இளையோர் நாளுக்கு. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தொடங்கிவைத்து, 1986இல் முதன்முதலாகக் கொண்டாடப்பட்ட இந்தக் கூடுகை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு நாட்டின் நகரத்தில் பெருவிழாவாக நடக்கும். பனாமாவில் 2019இல் நடந்ததற்கு அடுத்தது 2022இல் லிஸ்பனில் என்று அறிவித்திருந்தார்கள். கொரோனா அதை ஓராண்டு தள்ளிப்போட்டு 2023 ஆகஸ்ட் 1 முதல் 6 வரை என்று ஆக்கியது. அந்தத் தாமதம் எங்களுக்கு நல்லதாகவே முடிந்தது. 1923இல் உருவான தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு, அதாவது எங்கள் ஆயரின் கீழுள்ள கோவில்கள் எல்லாம் அடங்கிய பகுதிக்கு, அது நூற்றாண்டு. அந்த உற்சாகத்தில்தான் பங்குகள், அதாவது ஊரூராக உள்ள கோவில் சபைகள், பணம் திரட்டித் தந்து, எங்கள் பத்துப் பேரை ஒரு ஃபாதரின் துணையோடு அனுப்பிவைத்தன.

விசா கதையை அதிகம் சொல்ல விரும்பவில்லை. சென்னைக்கு இரண்டு முறை போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்த பிறகு, புறப்பட இரண்டு நாள் இருக்கும்போதுதான் கடவுச்சீட்டுகள் கைக்கு வந்தன. அதுவரை பெட்டி கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், துணிகளைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு அதன் ஓரத்திலேயே படுத்து உறங்கினேன்.

திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்தை நள்ளிரவுக்குள் சேர்ந்தோம். அதிகாலை விமானத்தில் துபாய்க்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்; அங்கே ஏழு மணி நேரக் காத்திருப்பு; பிறகு லிஸ்பனுக்கு எட்டு மணி நேரம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பத்துப் பேரில் ஆறு பேர் கடலோர ஊர்ப் பிள்ளைகள், நான்கு பேர் உள்நாட்டுப் பங்குகளைச் சேர்ந்தவர்கள். ஒரே மறைமாவட்டம், ஒரே நிறச் சட்டை, கழுத்தில் ஒரே அடையாள அட்டை. ஆனால் துபாய் விமான நிலையத்துத் தரைவிரிப்பில் இரண்டு வட்டங்களாகத்தான் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் கட்டிவந்த புளிச்சோற்றை அவர்கள் சாப்பிட்டார்கள், எங்கள் சப்பாத்தியை நாங்கள் சாப்பிட்டோம். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை என்றுதான் கேட்டால் சொல்லியிருப்போம். ஃபாதர் மட்டும் இரண்டு வட்டத்துக்கும் நடுவே நாற்காலி போட்டுக்கொண்டு, எந்தப் பக்கமும் திரும்பாமல் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது விமானத்தில் முன்னிருக்கையின் முதுகிலிருந்த திரையில், வெள்ளை விமானப் படம் ஒன்று வரைபடத்தின் மேல் எறும்புபோல ஊர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நான், கிறிஸ்தவ மறையைப் பரப்ப எங்கள் கரைக்கு வந்த புனித சவேரியாரின் பயணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். 1541 ஏப்ரல் 7ஆம் தேதி, தம்முடைய முப்பத்தைந்தாம் பிறந்த நாளில், அவர் லிஸ்பனில் கப்பல் ஏறினார். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, காற்று திரும்பும்வரை மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்து, 1542 மே 6ஆம் தேதிதான் கோவாவில் கால் வைத்தார். ஏறத்தாழ பதின்மூன்று மாதம். அதே ஆண்டின் பிற்பகுதியில் எங்கள் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1535 தொடங்கிப் பரதவர்கள் திரளாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிக்கும் உரிமைக்காக நடந்த சண்டையில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது என்பதை எங்கள் ஊரில் யாரும் மறைப்பதில்லை. அந்தச் சண்டையும் அந்தக் கப்பல்களும் இல்லாதிருந்தால் நான் இந்த இருக்கையில் இருந்திருக்க மாட்டேன். அவர் வந்த வழியில் நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு ஒரே ஒரு நாள் போதுமாயிருந்தது, அதற்கே கால் வீங்கிவிட்டது என்று முனகிக்கொண்டிருந்தேன்.

லிஸ்பனில் இறங்கியபோது கடிகாரம் மாலை ஏழரை காட்டியது, வெயிலோ நம்மூர் நாலு மணி வெயில்போல அடித்தது. எங்களில் இரண்டு பேருடைய பெட்டிகள் வரவில்லை. விமான நிறுவனத்தின் முகப்பில் இருந்தவர் ஒரு படிவத்தைத் தந்து, இரண்டு நாளில் வந்துவிடும் என்றார். மூன்றாம் நாள் வந்தது. அங்கிருந்து மெட்ரோவில் ஏறி, அலமேடா நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறி, காய்ஸ் தோ சொத்ரே படகுத்துறைக்குப் போனோம். தேஜோ ஆற்றின் தென்கரையிலுள்ள அல்மாதாவில் எங்களுக்குத் தங்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பத்து நிமிடப் படகுப் பயணம்தான். ஆனால் முப்பது மணி நேரத்துக்குப் பிறகு முகத்தில் உப்புக்காற்று பட்ட அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு ஊருக்கு வெளியே வந்திருக்கிறேன் என்பதே உறைத்தது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பிறந்தவளுக்கு, இன்னொரு கழிமுகத்தின் வாடை என்னவோ செய்தது.

அல்மாதாவின் பங்குக் கோவிலில் பதிவு செய்துகொண்டிருந்த தன்னார்வலப் பையன் என் கடவுச்சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். என் பெயருக்குப் பின்னால் பெர்னாண்டோ என்று இருந்தது. போர்த்துக்கல்லில் பெர்னாண்டோ என்பது ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயர். குடும்பப் பெயரென்றால் பெர்னாண்டஸ் என்றிருக்க வேண்டும். இது எழுத்துப்பிழையா என்று ஆங்கிலத்தில் கேட்டான். பிழையென்றால் நானூற்றைம்பது ஆண்டுப் பிழை, இப்போது திருத்த முடியாது என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இருவர் மச்சாது, கொரேரா என்று நீட்டியதும், அவன் பக்கத்திலிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு எங்கள் கடவுச்சீட்டுகளைக் காட்டத் தொடங்கிவிட்டான். அதற்குள் மணி பதினொன்று ஆகிவிட்டது. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை கணக்குப் பார்த்தால் முப்பத்திரண்டு மணி நேரம்.

நாங்கள் நான்கு பெண்கள் தங்கிய வீட்டில் எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருந்தார். போர்த்துக்கீசிய மொழியில் பாட்டிக்கு அவோ என்று பெயர். அப்படியே கூப்பிடச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் வராது, எங்களுக்கு அவர் மொழி வராது. அறை புழுக்கமாயிருந்ததால் சுவரைக் காட்டி 'ஜனேலா, ஜனேலா' என்றபடியே மரக் கதவுகளைத் தள்ளித் திறந்துவிட்டார். நான் என்னையறியாமல் 'ஜன்னல்' என்றேன். அவர் நின்றுவிட்டார். கையிலிருந்த வீட்டுச் சாவியை உயர்த்தி 'ஷாவ்' என்றார், 'சாவி' என்றேன். மேசையைத் தட்டி 'மேஸா' என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து 'துவால்யா' என்றார், துவாலை. அலமாரிக்கு அர்மாரியு. அதற்குப் பிறகு எங்களை உறங்கவிடவில்லை. நள்ளிரவு தாண்டியும் வீடு முழுக்கக் கூட்டிப்போய் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பேர் சொன்னார். பொருந்தாதபோது அவர் முகம் வாடியது, பொருந்தியபோது கை தட்டினார். கடைசியில் குளிர்பெட்டியிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து 'மங்கா' என்றார். அது மட்டும் எங்கள் பக்கத்திலிருந்து போனது என்று கைச்சாடையில் விளக்க நான் பட்ட பாட்டை என் தோழி வீடியோவே எடுத்து வைத்திருக்கிறாள்.

டப்பாவைத் திறந்தபோது மக்ரூன்களில் பாதி தூளாகியிருந்தது. அவோ முழுதாயிருந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, 'சுஸ்பீரு' என்றார். முட்டை வெள்ளையில் சீனி சேர்த்து அவர்கள் சுடும் பண்டத்துக்கு அந்தப் பெயர். பெருமூச்சு என்று பொருளாம். முந்திரி மட்டும் அவருக்குப் புதிது. பலகாரம் எங்கிருந்து எங்கே போனது என்ற என் கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது என்று விட்டுவிட்டேன்.

நாள்தோறும் காலையில் மறைக்கல்வி, மாலையில் நகரத்து நிகழ்ச்சிகள் என்று வாரம் ஓடியது. கூட்டத்தில் நின்று பார்த்தவற்றைவிட, இடையே கிடைத்த ஓய்வில் போன இரண்டு இடங்கள்தான் எனக்கு நிற்கின்றன. ஒன்று, பேராலயத்துக்குக் கீழே இருக்கும் புனித அந்தோணியார் கோவில். இத்தாலியின் பதுவா நகரோடு சேர்த்து நாம் அவரைப் பதுவை அந்தோணியார் என்கிறோம். லிஸ்பன்காரர்கள் அதை ஒப்புவதே இல்லை, அவர் பிறந்த வீடு இங்கேதான் இருந்தது என்று நிலவறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அவருக்குத் திருமுழுக்கில் இட்ட பெயர் பெர்னாண்டோ என்பது எனக்கு அங்கேதான் தெரியவந்தது. அந்தப் பதிவுப் பையனிடம் சொல்ல எனக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டது, ஆனால் அவனை மறுபடி பார்க்கவில்லை.

மற்றொன்று, லிஸ்பனின் ஆற்றங்கரைப் பகுதியான பெலேம். சவேரியார் கப்பலேறிய ஆறு அங்கே அகன்று கிடக்கிறது. வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்குள்ள ஜெரோனிமோஸ் மடத்துக் கோவிலில் இருக்கிறது. கூடுகைக்காக அந்த ஆற்றங்கரைப் பூங்காவில் 150 பாவசங்கீர்த்தனத் தொட்டிகளை, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் மரக்கூண்டுகளை, வைத்திருந்தார்கள், அவற்றைச் செய்தவர்கள் சிறைக்கைதிகள். தச்சுவேலை எளிமையாக, நேர்த்தியாக இருந்தது. ஆனால் நான் பெலேமுக்குப் போனது வேறொன்றுக்காக. 1554 பிப்ரவரியில் லிஸ்பனில் ஒரு சிறு செப நூல் அச்சானது. மொழி தமிழ், எழுத்து மட்டும் ரோமன். அச்சேறிய முதல் தமிழ் நூல் அதுதான். தமிழ் எழுத்திலேயே முதல் நூலை 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட போர்த்துக்கீசிய மறைப்பணியாளர் அன்றிக் அடிகளார் எங்கள் புன்னைக்காயலில் பல ஆண்டு வாழ்ந்தவர் என்பதால், சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பிலேயே இந்தக் கதைகள் எங்களுக்குப் பாடம். 1554ஆம் ஆண்டு நூலின் பிரதி பெலேமில், அந்த மடத்தை ஒட்டிய தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. போய் நின்றால், பராமரிப்புப் பணிக்காக அருங்காட்சியகம் முந்தைய ஆண்டிலிருந்தே மூடிக் கிடந்தது. புறப்படுமுன் விசாரித்திருக்க வேண்டும். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, தெருக்கோடியில் முட்டைப்பால் நிரப்பிய சின்னப் பேஸ்ட்ரி ஒன்றை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஆகஸ்ட் 3ஆம் தேதி எதுவார்து ஏழாம் பூங்காவில் நடந்த வரவேற்பில் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையில் எல்லோருக்கும் இடம் உண்டு என்று சொல்லி, 'தோதோஸ், தோதோஸ், தோதோஸ்' என்று மும்முறை சொன்னார். கூட்டமும் திரும்பச் சொன்னது. எல்லோரும், எல்லோரும், எல்லோரும். நானும் கத்தினேன். கத்திக்கொண்டே பக்கத்தில் பார்த்தபோது, எங்கள் வட்டத்து ஆறு பேரும் ஒன்றாகவே நின்றிருந்தோம். மற்ற நால்வர் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் தேதி, இரவில் கூடிச் செபிக்கும் திருவிழிப்புக்காகத் தேஜோ பூங்காவுக்கு நடந்தோம். பெரும்பாலான சாலைகளை வண்டிகளுக்கு மூடிவிட்டதால், படகுத்துறையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாத நடை. தூத்துக்குடிக்காரிக்கு வெயில் ஒரு பொருட்டா என்று எண்ணியிருந்தேன். அங்கே வியர்வையே வராமல் உதடு மட்டும் வெடித்தது. வழிநெடுக வீட்டுக்காரர்கள் தோட்டத்து ரப்பர் குழாயை மாடியிலிருந்து எங்கள் தலைமேல் பீய்ச்சினார்கள். முன்பு குப்பைமேடாக இருந்த இடத்தைத் திருத்தி ஆற்றோரப் பூங்காவாக ஆக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே 1998இல் திறந்த வாஸ்கோ ட காமா பாலம் முடிவு தெரியாமல் நீரின்மேல் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் திருப்பலிக்கு வந்தவர்கள் பதினைந்து லட்சம் பேர் என்றார்கள். எங்களுக்குக் கிடைத்த இடம் பத்துப் பேர் இரு வட்டமாக உட்காரும் அளவுக்கு இல்லை. இரண்டு பிளாஸ்டிக் விரிப்பு, அதில் பத்துப் பேரும் தலைமாற்றிப் படுக்க வேண்டியிருந்தது. என் காலுக்கருகே, அதுவரை நான் பேர்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளாத பெண்ணின் தலை. பெட்டி வராமல் போன இருவரில் அவள் ஒருத்தி என்பதும், மூன்று நாளும் ஒரே சுடிதாரைத் துவைத்து உடுத்தியிருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் இரண்டு கூடுதல் சுடிதார்கள் இருந்தன. கேட்டிருக்கலாமே என்றேன். கேட்க முடியவில்லை என்றாள்.

அன்றிரவு நற்கருணை ஆராதனையின்போது அந்தப் பெருங்கூட்டம் மௌனமானது. அத்தனை பேர் இருந்தும், யாரோ புரண்டு படுக்கும் விரிப்பின் சரசரப்பு எனக்குக் கேட்டது. காலையில் ஏழு மணிக்கு ஒரு பங்குத்தந்தை மேடையேறி டிஜே இசை முழக்கி எங்களை எழுப்பினார். எங்கள் ஃபாதருக்கு அது பிடிக்கவில்லை, எங்களுக்கு மிகவும் பிடித்தது. திருத்தந்தையைப் பார்த்தாயா என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். பெரிய திரையில் பார்த்தேன். நேரில் பார்த்தது வெகு தொலைவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்த கூடுகை 2027இல் சியோலில் என்று அன்றைய திருப்பலியின் முடிவில் அறிவித்தார்கள்.

புறப்படும் நாளில் அவோ என் தகர டப்பாவைக் கழுவித் துடைத்துத் தந்தார். உள்ளே காகிதத்தில் சுற்றிய பக்கல்யாவு, அவர்கள் உயிராக நேசிக்கும் உப்பிட்ட காட் மீன். கருவாட்டுக் கரையிலிருந்து போனவளுக்குக் கருவாட்டையே கட்டிக்கொடுத்திருந்தார். திரும்பும்போது துபாயில் ஆறு மணி நேரம் காத்திருந்தோம். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கவனித்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து உட்கார்ந்தோம், மற்றவர்கள் பழையபடிதான்.

அம்மா அந்த மீனை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, புளியும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மீன் நல்ல மீன்தான், சீலாக் கருவாட்டின் மணம் இதற்கு வராது என்றார். பிறகு அந்தப் பாட்டிக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமே என்று டப்பாவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.