கொழும்புக்கு இரண்டு தடவை தூக்கிப்போன செட்

வாடை மழை ஓய்ந்த கையோடுதான் தொடங்கியது. திருகோணமலை திருக்கடலூரில் எங்கள் சங்கக் கந்தோரில், கடலில் நிற்கும் போட்டுகளோடு கதைக்க ஒரு வீஎச்எஃப் ரேடியோ செட் இருக்கிறது. அதில் நாங்கள் கூப்பிட்டால், புறாமலையைத் தாண்டி நிற்கும் போட்டுகளுக்கு விளங்கவில்லை. அவர்கள் கதைப்பது மட்டும் எங்களுக்கு நன்றாகவே கேட்டது. இரண்டு கிழமை மைக்கில் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். கேட்கிறது என்றால் அன்ரனா சரி, அனுப்புகிற பக்கம்தான் போய்விட்டது என்று நானே தீர்ப்பும் எழுதினேன். மல்டிமீட்டரால் கேபிளைப் பார்த்தேன்தான். ஆனால் எங்கள் அன்ரனா சாதாரண நாளிலேயே மீட்டருக்கு சோட் (இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று தொட்டது போல) காட்டும் வகை. அந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை.

இரவு ரயிலில் செட்டை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பு. திருத்துகிற இடத்தின் கவுண்டரில் இருந்தவர் செட்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அனுமதிப்பத்திரக் கொப்பி?" என்றார். என்னிடம் இருந்தது புதுப்பித்ததற்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு. அது சரிவராதாம். சரி, போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன் என்றேன். அலுமாரிச் சாவி பொருளாளரிடம், பொருளாளர் மட்டக்களப்பில் கல்யாண வீட்டில்! அன்றிரவே திரும்பினேன். செட்டைக் கொண்டுபோகிறவர்கள் முதலில் பத்திரத்தில் இரண்டு கொப்பி அடித்துப் பையில் வையுங்கள்.

அடுத்த கிழமை மறுபடி. இந்த முறை உள்ளே விட்டார்கள். வேலை செய்த பெடியன் அன்ரனா துளையில், அன்ரனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிச் சூடாக்கிவிடும் 50 ஓம் டம்மி லோட் ஒன்றைப் பூட்டி, நடுவில் வாட் மீட்டர் வைத்து, மைக் பட்டனை அமத்தினான். ஊசி 25 வாட்டில் போய் நின்றது. "அண்ணே, செட்டுல பிழை ஒண்டும் இல்லையே."

எனக்கு முகம் செத்துப்போனது. அவன் பாவம், மூடியைக் கழற்றியே காட்டினான். பட்டனை அமத்தியதும் அன்ரனா ரிசீவரிடமிருந்து கைமாறுகிறது. குரல் ஒரு லிமிட்டருக்குள் போகிறது. எவ்வளவு கத்தினாலும் அலைவரிசை 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் ஆடாமல் அது வெட்டிவிடும். (என் இரண்டு கிழமைத் தொண்டை வலி அங்கேதான் போயிருக்கிறது.) அந்தக் குரல், அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரை ஆட்டுகிறது. சனல் 16 என்றால் 156.8 மெகாஹேர்ட்ஸ், அது நழுவாமல் ஒரு கிறிஸ்டலோடு ஒப்பிட்டு இழுத்துப் பிடிப்பது பீஎல்எல் என்ற சுற்று. அங்கே கிடைப்பது சில மில்லிவாட்தான். டிரைவர் என்ற இடைப் பெருக்கி அதைக் கூட்டிக் கொடுக்க, பின்பக்கத் தகட்டோடு இறுக்கிய பெரிய டிரான்சிஸ்டர் 25 வாட்டாக்குகிறது. 313.6 போன்ற இரட்டிப்பு அலைகள் வெளியே போகாமல் ஒரு ஃபில்டர் தடுக்கிறது.

கடைசியில் விரலளவு சின்னச் சுற்று ஒன்று. அன்ரனாவுக்குப் போகிற சக்தி எவ்வளவு, திரும்பி வருவது எவ்வளவு என்று அது பார்க்கும். திரும்பி வருவது கூடினால் பெரிய டிரான்சிஸ்டர் எரியாமல் இருக்க டிரைவரின் கழுத்தைப் பிடித்து அமுக்கிவிடும். எங்கள் செட் செய்தது அதைத்தான், தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. கேட்கிற பக்கத்துக்கு இந்தக் காவல் இல்லை, கொஞ்சம் பலவீனமானாலும் ஓரளவுக்கு கேட்டுக்கொண்டே இருக்கும். "கேபிளுக்குள்ள தண்ணி போயிருக்கும், பாருங்க" என்றான். பரிசோதனைக் கூலியை மட்டும் மறக்காமல் வாங்கினார்கள்.

ஊருக்கு வந்து கூரையில் ஏறி, அன்ரனா அடியில் இருந்த கனெக்டரைக் கழற்றினேன். நாலைந்து துளி தண்ணீர் சொட்டியது. உள்ளே செப்புப் பின்னல் பச்சை பிடித்து, தொட்டதும் உதிர்ந்தது. கடற்கரையில் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றினால் இதுதான் கதி. புதுக் கேபிள், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், தண்ணீர் வடிய கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு. அரை நாள் வேலை. டம்மி லோட் ஒன்றும் சங்கக் காசில் வாங்கிவிட்டேன்; அது முதலிலேயே இருந்திருந்தால் ரயில் ஏறியிருக்கவே மாட்டேன்.

பின்னேரம் குச்சவெளிக்கு நேரே நின்ற போட்டைக் கூப்பிட்டேன். பதில் உடனே வந்தது: "மெதுவாக் கதைங்க மாமா, காது அடைக்குது."