கணக்கெடுப்பு நாளில் எங்கள் கதவு பூட்டியிருந்தது

வட சென்னையில் இருக்கும் எங்கள் பழைய போர்டு வீடுகளை, அதாவது குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடி வீடுகளை, இடித்துக் கட்டப்போகிறார்கள் என்றபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் இதே மாதிரியான ஒரு குடியிருப்பு சரிந்து விழுந்ததிலிருந்து அம்மா மாடிப்படி ஏறும்போதெல்லாம் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் ஏறுவார்.

புது வீடு தருவதற்காக யார் யார் குடியிருக்கிறோம் என்று வாரியத்தார் கணக்கெடுக்க வந்த அன்று அம்மாவைச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வரிசையாக எல்லாக் கதவிலும் நீல மார்க்கரில் எண். எங்கள் கதவு மட்டும் வெறுமையாக இருந்தது. "அப்புறம் வருவாங்க" என்றார் எதிர்வீட்டு அக்கா. வரவே இல்லை.

வாரிய அலுவலகத்துக்கு ஓடினேன். பட்டியலை விரலால் தடவிப் பார்த்த அலுவலர், "பூட்டிய வீடுன்னு போட்டிருக்கு. வெளியாளுக்கு வித்துட்டீங்களா?" என்று கேட்டார். சுருக்கென்றது. ஆனால் எங்கள் பக்கமும் ஒரு தப்பு இருந்தது. வீட்டு ஒதுக்கீடு அப்பா பெயரில். அவர் இறந்து ஒன்பது வருஷமாகியும் நாங்கள் பெயர் மாற்றவில்லை. யாருக்காவது இப்படிக் கிடப்பில் கிடந்தால் தயவுசெய்து இடிப்புப் பேச்சு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வாரிசுச் சான்றிதழ் இ-சேவையில் போட்டு வந்துவிட்டது. அதில் சிக்கல் இல்லை. சிக்கல் இனிஷியலில். ஒதுக்கீட்டு ஆணையின் ஜெராக்ஸில் அப்பாவுக்கு 'ஜி', இறப்புச் சான்றிதழில் 'கோ'. தாத்தா பெயர் ஆங்கிலத்தில் ஜி, தமிழில் கோ, அவ்வளவுதான் விஷயம். "ரெண்டும் ஒரே ஆளுன்னு யார் சொல்றது?" என்றார். நான்தான் சொல்கிறேனே என்றால் எடுபடுமா? ஒரு நாள் கூலி போச்சு. நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டு போனேன். அதை வாங்கி வைத்துக்கொண்டு, "ஒரிஜினல் ஆணை எங்கே?" என்றார். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

ஒரிஜினல் 2015 வெள்ளத்தில் கூழாகிவிட்டது. தகரப்பெட்டியில் தவணை கட்டிய ரசீதுகள் மட்டும் மிச்சம். ரப்பர் பேண்டு உருகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்ததை அம்மா ஊதி ஊதிப் பிரித்தார். அதையும் அவர்கள் ஏற்கவில்லை. சரி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, எங்கள் வீட்டுக்கான ஒதுக்கீட்டுப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கேட்டேன். 30 நாள் கெடு, 27ஆம் நாள் தபால் வந்தது. பக்கத்தின் கீழே அப்பாவின் கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்து. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நான் மேஜையில் வைத்தபோது அந்த அலுவலரும் ஒன்றும் பேசவில்லை! அந்த வாரமே ஆள் வந்து கதவில் எண் எழுதிவிட்டுப் போனார்.

கட்டி முடியும்வரை வெளியே தங்குவதற்குத் தரும் கருணைத்தொகை பற்றி ரொம்பக் கனவு காணாதீர்கள். முன்பு 8,000 ரூபாயாக இருந்தது, இப்போது 24,000. கட்டி முடிக்க இரண்டு வருஷம் என்று வைத்தாலும் மாதம் ஆயிரம்தான். நாங்கள் பிடித்த ஒற்றை அறைக்கு வாடகை 6,500, அட்வான்ஸ் 50,000. கூவம் கரையில் இருந்தவர்களைப் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதுபோல் அனுப்பாமல் அதே இடத்தில் வீடு தருகிறார்களே என்பதுதான் ஆறுதல். கீழ்வீட்டில் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்த குடும்பத்துக்கு அதுவும் இல்லை. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டியானையில் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் பட்டுக் கற்றது: கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டாவது நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். கதவு எண்ணைப் போட்டோ எடுங்கள், பக்கத்து வீட்டுக் கதவும் சேர்ந்து தெரிகிற மாதிரி. கணக்கெடுப்பில் தரும் டோக்கனை ஜெராக்ஸ் போட்டு வேறு வீட்டில் ஒன்று வையுங்கள்.

புது வீட்டுக்குக் குலுக்கல் இனிமேல்தான். அம்மாவுக்கு முழங்கால் முடியாது என்று டாக்டர் சீட்டோடு, தரைத்தளம் கேட்டு இப்போதே மனு கொடுத்திருக்கிறேன். "இதுக்கெல்லாம் சீல் எதுக்கு" என்றார்கள். குத்தும்வரை நான் நகரவில்லை.