பொம்மியின் மூச்சு: 2024 கோடை நாட்குறிப்பு

ஏப்ரல் 19, வெள்ளி

காலையிலேயே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிட்டோம். பெரம்பூரில் பத்து மணிக்கே தெருவில் நிற்க முடியவில்லை. மதியம் மிஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தபோது மகள் ரம்யா கத்தினாள். ஓடிப் பார்த்தால், எங்கள் பெர்சியன் பூனை பொம்மி குளியலறைத் தரையில் வயிறு ஒட்டப் படுத்து, வாயைத் திறந்து, நாக்கு தெரிய மூச்சு வாங்குகிறாள். நாய் அப்படி வாங்கிப் பார்த்திருக்கிறேன். பூனை வாங்கிப் பார்த்ததில்லை.

டேபிள் ஃபேனைத் தரையில் வைத்தேன். பாதங்களை ஈரத்துணியால் துடைத்தேன். இருபது நிமிடத்தில் வாய் மூடியது. அதற்குள் ரம்யா போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். "இப்ப எதுக்குடி வீடியோ?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 20, சனி

பக்கத்துத் தெரு கிளினிக். சளி என்றார்கள். ஓர் ஊசி, ஒரு சொட்டு மருந்து, 850 ரூபாய். வீடியோவைப் பாதி பார்த்துவிட்டு, "பெர்சியன்னா குறட்டை விடத்தாம்மா செய்யும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். மனசு ஆறவில்லை.

ஏப்ரல் 24, புதன்

ஊசி போட்டு நாலு நாள் ஆகியும் மாற்றம் இல்லை. இன்று வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். 1903-இல் தொடங்கிய இடம். என் அப்பா சிறுவனாக இருந்தபோது அவர்கள் வீட்டு மாட்டை அங்கேதான் ஓட்டிக்கொண்டு போவார்களாம்.

பார்த்தவர் இளம்வயது டாக்டர். முதலில் வீடியோவைக் கேட்டு வாங்கி இரண்டு தடவை பார்த்தார். "எடுத்தது நல்லதும்மா. இங்க வந்தா பயத்துல வேற மாதிரி மூச்சு விடும், வீட்ல எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாது" என்றார். ரம்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு பஞ்சில் ஓர் இழையைப் பிரித்து பொம்மியின் மூக்கருகே பிடித்தார். வலது துவாரத்தின் பக்கம் லேசாக அசைந்தது. இடது பக்கம் அசையவே இல்லை. மூக்குத் துவாரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது இரண்டு கீறல்கள்தான். மூச்சை இழுக்கும்போது அந்தக் கீறலும் உள்வாங்கி ஒட்டிக்கொள்கிறது.

டாக்டர் சொன்னதை என் தொழிலில் வைத்துத்தான் புரிந்துகொண்டேன். மேல்துணியைச் சின்னதாக வெட்டிவிட்டு லைனிங்கைப் பழைய அளவிலேயே விட்டால் உள்ளே மடிப்பு மடிப்பாகச் சுருண்டு கிடக்கும். முகம் தட்டையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் மண்டையோடு குறுகிவிட்டது. உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மூக்குக்குள் இருக்கும் சுருள் எலும்புகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. சில பூனைகளுக்கு மேலண்ணத்தின் பின்சதையும் தொண்டையை அடைக்குமாம். கண்ணீர் இறங்கும் குழாயும் வளைந்துவிடுகிறது. எட்டு மாதமாக நான் துடைத்துத் துடைத்து எடுக்கும் அந்தப் பழுப்புக் கறைக்கும் காரணம் அதுதான்.

ஆனால் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இதயக் கோளாறாகவோ ஆஸ்துமாவாகவோகூட இருக்கலாம் என்பதால் எக்ஸ்ரே, எக்கோ என்கிற இதய ஸ்கேன் எல்லாம் பார்க்கச் சொன்னார். பெர்சியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் அதிகம், மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் அதையும் பார்த்தாக வேண்டுமாம். கிளம்பும்போது கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்: "பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டா உடனே கிளம்பணும். மறுநாள் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது."

மே 2, வியாழன்

எக்கோ வெளியில் எடுத்தோம். எல்லாச் சோதனைக்கும் சேர்த்து 4,600 ஆனது. இதயம் சரி, நுரையீரல் சரி, சிறுநீரகத்தில் கட்டி இல்லை. அடைப்பு மூக்கில்தான்.

தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். இந்த வாரம்: 36, 34, 38, 35.

ராத்திரி ரம்யா, போன வருஷம் ஆகஸ்டில் விற்றவர் அனுப்பிய விலைப்பட்டியலைத் தேடி எடுத்தாள். டால் ஃபேஸ் 9,000. செமி பஞ்ச் 13,000. எக்ஸ்ட்ரீம் பஞ்ச் 20,000. மூக்கு எவ்வளவுக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுக்கு விலை. நாங்கள் 13,000 கொடுத்தோம். 4,000 ரூபாய் கூடக் கொடுத்து அந்த அடைப்பை வாங்கியிருக்கிறோம். அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

வந்த முதல் வாரமே அத்தை பார்த்துவிட்டு, "இதுக்கு மூக்கே இல்லையேம்மா, எப்படி மூச்சு விடும்?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பூனை கண்காட்சிகள் லண்டனில் 1871-இல் தொடங்கிய காலத்துப் பெர்சியன் பூனைகளின் படங்களை இன்று பார்த்தேன். அடர்ந்த முடி இருக்கிறது, உருண்டைக் கண் இருக்கிறது, நன்றாக மூக்கும் இருக்கிறது.

மே 4, சனி

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். 28 வரை ஓட்ட வேண்டும். பொம்மியைப் படுக்கையறையை விட்டு வெளியே விடுவதில்லை. பகல் முழுக்க ஏசி 26-இல். கரண்ட் பில்லை இப்போது யோசிக்கவில்லை. வயிற்று முடியைக் கத்தரித்துவிட்டோம். விளையாட்டு, ஓட்டம் எல்லாம் விடிவதற்கு முன்னால்தான்.

மே 11, சனி

மூன்று இடத்தில் விசாரித்துவிட்டு ஒரு தனியார் அறுவை மருத்துவரிடம் முடிவு செய்தோம். மூக்குத் துவாரத்தின் ஓரச் சதையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு வெட்டித் தைப்பது. பொம்மிக்குக் கருத்தடையும் ஆகவில்லை. இந்த மாதிரிப் பூனைக்கு இரண்டு தடவை மயக்கம் கொடுப்பதைவிட ஒரே தடவையில் இரண்டையும் முடிப்பது நல்லது என்றார்.

அறுவை 14,000. மயக்கம் 6,500. இரண்டு நாள் ஆக்சிஜன் கூண்டு 6,000. மருந்து 5,000. மொத்தம் 31,500. பெட் இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா என்று ஒரு ஏஜென்ட்டைக் கேட்டேன். பிறவிக் குறைக்கும், ஏற்கெனவே கண்டுபிடித்த நோய்க்கும் கிடைக்காது என்றார்.

ரம்யா அப்பா, "பூனைக்கு முப்பதாயிரமா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, மலைத்துப்போய்க் கேட்டார். ராத்திரி குறட்டையைக் கேட்டபடி வெகுநேரம் விழித்திருந்துவிட்டு, காலையில் அவரே, "சீட்டை எடுத்துடு" என்றார். 50,000 ஏலச்சீட்டு, 9,000 தள்ளி எடுத்தேன். அந்த 9,000-மும் பொம்மியின் செலவுதான், எந்த ரசீதிலும் வராது. யூனிஃபார்ம் சீசன் என்பதால் தவணையைக் கட்டிவிடலாம். நாற்பது செட் கையில் இருக்கிறது.

மே 22, புதன்

காலை 9 மணிக்கு உள்ளே எடுத்துப் போனார்கள். முதலில் கொஞ்ச நேரம் ஆக்சிஜன், அப்புறம்தான் மயக்கம், உடனே மூச்சுக்குழாயில் டியூப். மயக்கத்தில் இருக்கும்போதே அண்ணத்தையும் பார்த்திருக்கிறார். அது நீளமாக இல்லை, தொட வேண்டியதில்லை. எவ்வளவு பெரிய ஆறுதல்.

எனக்கு இருந்த பயமெல்லாம் வெட்டுவதைப் பற்றித்தான். டாக்டருக்கு விழிக்கும் நேரத்தைப் பற்றி. டியூபைச் சீக்கிரம் உருவினால் வீக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்ளுமாம். அவளாக விழுங்க ஆரம்பிக்கும்வரை ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் நின்றேன். 12:40-க்கு டியூப் வெளியே வந்தது. வாய் மூடியிருந்தது.

மே 24, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்தில் கூம்பு காலர், மூக்கு ஓரத்தில் மெல்லிய தையல். தானே கரையும் நூல். எவ்வளவு நுணுக்கமாகப் போட்டிருக்கிறார்! தையல்காரி என்பதால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிடவில்லை. வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது, சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் கெட்டுவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். சங்கரா மீனை வேகவைத்து, முள் எடுத்து, சூடு ஆறுவதற்குள் விரலில் தடவி நீட்டினேன். ராத்திரி எட்டரைக்கு நக்கினாள். ரம்யா அழுதுவிட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. கடைசி செட்டையும் கொடுத்தாகிவிட்டது.

மூன்று ராத்திரியாக அறையில் சத்தமே இல்லை. முதல் நாள் பயந்துபோய் எழுந்து லைட்டைப் போட்டுப் பார்த்தேன். பக்கவாட்டில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் முகவாயை மேலே தூக்கி வைத்துத்தான் தூங்குவாள். அது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தோம்.

முழுதாகச் சரியாகவில்லை. உள்ளே இருக்கும் சுருள் எலும்புகள் அப்படியேதான் இருக்கின்றன. கண்ணில் நீர் வழிவது நிற்காது. வெயில் காலம் ஒவ்வொன்றும் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும்.

சாயங்காலம் மூன்றாவது மாடிப் பையன் போனோடு வந்தான். "ஆன்ட்டி, இந்தக் குட்டி எப்படி இருக்கு? செமி பஞ்ச், விலை கம்மியா சொல்றாங்க." ஏப்ரல் 19 வீடியோவைக் காட்டினேன். சத்தத்தோடு முழுக்கப் பார்த்தான். பிறகு பொம்மியை மடியில் வைத்து மூக்கை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் தெருமுனைக் கறிக்கடைப் பூனை போட்ட குட்டிகள் எத்தனை என்று கேட்டான்.

நான்கு. ஒன்று சாம்பல் நிறம்.

இன்றைய மூச்சு எண்ணிக்கை: 22.