பாதி மிச்சமிருந்த சொட்டு மருந்தும் கருவிழியில் ஒரு கிளையும்

சாதாரணக் கண்வலி என்றுதான் முதலில் நினைத்தேன். இடது கண் மட்டும் சிவந்து, மணல் விழுந்த மாதிரி உறுத்தல், வெளிச்சத்தைப் பார்த்தால் தண்ணீராகக் கொட்டும். போன தடவை அலர்ஜிக்குக் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருந்தது, அதையே மூன்று நாள் விட்டுக்கொண்டேன். சிவப்பு குறைந்தது, பார்வைதான் மங்கிக்கொண்டே போனது. அது அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

டாக்டர் முதலில் பஞ்சை மெல்லிசாகத் திரித்துக் கருவிழியைத் தொட்டார். வலது கண் பட்டென்று மூடிக்கொண்டது, இடது கண்ணுக்கு ஏதோ பட்டதே சரியாகத் தெரியவில்லை. அப்புறம் சாயம் தோய்ந்த காகிதப் பட்டையை இமைக்குள் வைத்து, நீல விளக்கில் பார்த்துப் படமும் எடுத்துக் காட்டினார். இலை உதிர்ந்த மரக்கிளை மாதிரி, நுனிகளில் குட்டிக் குட்டி மொட்டுகளோடு பச்சையாக மின்னியது. காய்ச்சல் வந்தால் வாயோரம் கொப்புளம் வருமா என்று கேட்டார். வரும். அதே ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்தானாம். பெரும்பாலும் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டு, முகத்து நரம்பு முடிச்சில் படுத்துக் கிடக்குமாம். (பெயரைக் கேட்டதும் நான் பாலியல் நோயோ என்று நினைத்து நெளிந்தது தனிக் கதை.)

ஸ்டீராய்டை உடனே நிறுத்தச் சொன்னார், அது வைரஸுக்குத் தீனி போட்ட மாதிரி. காண்டாக்ட் லென்ஸும் கூடாது. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் 3 சதவீதக் களிம்பு, நாளைக்கு ஐந்து முறை, கீழிமையை இழுத்து ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு. கேட்க எளிது. போட்டதும் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்க்கிற மாதிரி எல்லாம் கலங்கிவிடும், அது தெளிவதற்குள் அடுத்த அலாரம் அடித்துவிடும் போலிருக்கும். ஐந்தாம் நாள் உறுத்தல் போனதும் நிறுத்திவிடக் கை துறுதுறுத்தது. ஆனால் புண் ஆறிவிட்டது என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகும் மூன்று நாள் போட வேண்டியிருந்தது.

ஒன்பது மாதம் கழித்து மறுபடி வந்தது. மருந்து வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும், தூங்குகிறதை ஒன்றும் செய்யாது. இந்த முறை மேல்தோலில் கிளை இல்லை, கருவிழியின் உள்ளடுக்கில் வீக்கம். அதற்கு அவரே ஸ்டீராய்டு சொட்டு எழுதியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே புண் இருக்கும்போது தனியாக விட்டால் ஆபத்து, உள்ளே அழற்சி இருக்கும்போது வைரஸ் மருந்தின் காவலோடு விட்டால் அதுவே சிகிச்சை என்று பொறுமையாக விளக்கினார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், நானாக நிறுத்தக் கூடாது.

இப்போது அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரை காலையும் இரவும், ஒரு வருடத்துக்கு. 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படிச் சாப்பிட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குத்தான் அந்த வருடம் கண்ணில் திரும்ப வந்தது, சாப்பிடாதவர்களில் 32. தொடங்கும் முன் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு மாதம் முடிந்திருக்கிறது. கண் லேசாகச் சிவந்தாலும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இடது கண்ணுக்கு எண்கள் இன்னும் ஒரு துளி கலங்கலாகத்தான் தெரிகின்றன.