நாலு பேருக்கு ஒரே விடை

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் விடை ஒப்பிட மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டிருந்தேன், விசையியல் தாளுக்கு மட்டுமாவது. மாடிப்படியின் கடைசிப் படி வரைதான் அது தாக்குப்பிடித்தது. கீழே நாலைந்து பேர் வினாத்தாளும் கையுமாக நின்றிருந்தார்கள். "கப்பிக் கணக்கு?" என்றான் ஒருவன். அவ்வளவுதான், பையைக் கீழே வைத்துவிட்டேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 30 பாகை சாய்தளம், சொரசொரப்பானது. அதன் மேல் 5 கிலோ கட்டை. கட்டையில் கட்டிய கயிறு உச்சியில் இருக்கும் வழவழப்பான கப்பி மேல் ஏறி, மறுபக்கம் 3 கிலோ எடையைத் தாங்கிச் செங்குத்தாகத் தொங்குகிறது. உராய்வுக் குணகம், அதாவது மியூ, 0.2. புவியீர்ப்பு முடுக்கமான ஜி 9.8. பிடித்திருந்த கையை விட்டதும் கட்டை மீதான உராய்வு விசை எவ்வளவு, கயிற்றின் இழுவிசை எவ்வளவு? முதல் பகுதி இவ்வளவுதான்.

1784இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆட்வுட் தன்னுடைய கப்பிக் கருவியைப் பற்றி எழுதினார். விழும் வேகத்தைக் குறைத்து நிதானமாக அளப்பதற்காக இரண்டு எடைகளைத் தொங்கவிட்டவர் அவர். உராய்வு கெடுத்துவிடக் கூடாதென்று கப்பியின் அச்சையே சின்னச் சக்கரங்கள் மேல் உருளவிட்டார். அந்த மனிதர் அவ்வளவு பாடுபட்டு விரட்டிய உராய்வை வினாத்தாள் எழுதுகிறவர்கள் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள்.

சரி, விடைக்கு வருவோம். "உராய்வு 8.49" என்றான் முதல் ஆள். எனக்கும் 8.49. பக்கத்தில் இருந்த இருவருக்கும் 8.49. மியூ பெருக்கல் நார்மல் (தளம் தனக்குச் செங்குத்தாகக் கட்டையைத் தள்ளும் விசை): 0.2 பெருக்கல் 5 ஜி காஸ் 30. நாலு பேருக்கு ஒரே விடை வந்தால் வயிற்றில் ஒரு குளிர்ச்சி இறங்கும் பாருங்கள், அது வந்துவிட்டது.

சண்டை இழுவிசையில்தான். எனக்கு 30.7. இன்னொருவனுக்கு 28.1. அவன் வாங்கியது என்னவென்றால், முடுக்கம் 0.45, எடை கீழே இறங்குகிறது, ஆகவே 3 பெருக்கல் (9.8 கழித்தல் 0.45). நான் வாங்கியதும் 0.45தான். ஆனால் எனக்கு மைனஸ் 0.45 என்று வந்திருந்தது. மைனஸ் வந்தால் திசை மாறிப்போச்சு என்று அர்த்தம், கட்டைதான் கீழே வழுக்குகிறது, எடை மேலே போகிறது என்று முடிவுகட்டி, கூட்டிவிட்டேன். "உனக்கு மைனஸ் வரலையா?" என்று கேட்டேன். "வந்துச்சு. எங்கேயோ குறி தப்பியிருக்கும்னு அழிச்சுட்டேன்" என்றான். நான் அவனைக் கேலி செய்தேன். வினாத்தாளின் முதுகில் பென்சிலால் அம்புக்குறி போட்டு, எடை ஏன் மேலே போகிறது என்று விளக்கவும் செய்தேன். இதையெல்லாம் மறைக்காமல் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போதுதான் ஓரமாக நின்றிருந்தவள் வாயைத் திறந்தாள். பொதுவாக எங்கள் கும்பலில் சேராதவள். "எனக்கு 4.9 வந்தது. இழுவிசை 29.4."

"மியூவே போடலையா?"

"போட்டுப் பார்த்தேன். ஆனா அது அதிகபட்சம்தானே..."

அவள் முடிக்கவில்லை. "அப்போ 0.2ன்னு எதுக்குக் குடுத்திருக்காங்க?" என்று ஒருவன் குரலை உயர்த்தினான். கொடுத்த எண்ணையெல்லாம் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பது நாங்கள் நியூட்டனுக்கும் மேலே வைத்திருக்கும் விதி. அவள் தாளை மடித்துக்கொண்டாள். உடனே எங்களுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. "பரவாயில்ல, படம் வரைஞ்சிருப்பே இல்ல? முறைக்கு மார்க் உண்டு" என்றேன். நானேதான் சொன்னேன். அவள் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, "ம்" என்றாள்.

இரண்டாம் பகுதியில் 3 கிலோவை எடுத்துவிட்டு 5 கிலோவைத் தொங்கவிட்டு முடுக்கம் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் 1.60. ஒருவனுக்கு மட்டும் 1.63. அவன் முகம் வெளுத்துப்போனது. கால்குலேட்டரை எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்த்தேன்: ஏறத்தாழ 1.02. "ஜி 10 போட்டுட்டே" என்றேன். 10ஐ 9.8ஆல் வகுத்தாலும் அதுதான். நாள் முழுக்க நான் உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான். இங்கே கட்டை உண்மையிலேயே நகர்வதால் மியூவைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விடை சரியாக வந்துவிடுகிறது. அதனால் முதல் பகுதியும் சரிதான் என்ற நம்பிக்கை இன்னும் இறுகியது.

மூன்றாவதில், 5 கிலோ 1.25 மீட்டர் இறங்கித் தரையில் மோதி அப்படியே நின்றுவிடுகிறது. கயிறு எவ்வளவு நேரம் தளர்ந்திருக்கும்? மோதும்போது வேகம் 2. 0.30 என்றார்கள் இரண்டு பேர். நான் 0.61. கட்டை மேலே போய் நின்று திரும்பி வருவதையும் சேர்க்க வேண்டாமா, அவர்கள் பாதியிலேயே விட்டுவிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. தப்பு என்று தோன்றியதால் இல்லை. அந்த 28.1க்காரனுக்கு இன்னும் தெளிவாக எழுதி அனுப்பலாம் என்றுதான் எழுந்து தாளை எடுத்தேன். கட்டை கீழே வழுக்குகிறது என்றால் உராய்வு மேல்நோக்கி இருக்க வேண்டும். நான் கீழ்நோக்கிப் போட்ட உராய்வை வைத்துக்கொண்டே திசையை மட்டும் திருப்பியிருக்கிறேன். சரி, ஒழுங்காகப் போடுவோம் என்று 2.5 ஜி கழித்தல் 3 ஜி கழித்தல் 8.49, வகுத்தல் 8. மைனஸ் 1.67.

இந்தப் பக்கம் போனாலும் மைனஸ், அந்தப் பக்கம் போனாலும் மைனஸ். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை எங்கேயும் போகவில்லை. எடை இழுப்பது 3 ஜி, சரிவு கீழே இழுப்பது 2.5 ஜி, மிச்சம் அரை ஜி. அந்த 4.9 நியூட்டனைத் தாங்கினால் உராய்வுக்குப் போதும், 8.49 வரை தாங்க அதற்குத் தெம்பு இருக்கிறது, அவ்வளவே. இழுவிசை வெறும் 3 ஜி, 29.4. என் 30.7க்கும் அவன் 28.1க்கும் நட்டநடுவில் அது உட்கார்ந்திருந்தது, நாங்கள் இரண்டு பக்கமும் நின்று கத்திக்கொண்டிருந்தோம். 0.2 எதற்கு என்றால், கட்டை நகருமா நகராதா என்று பார்ப்பதற்கு. அதைத்தான் அவள் சொல்ல வந்தாள்.

மணி பதினொன்றரை. இந்த நேரத்தில் அனுப்பலாமா என்று இரண்டு முறை எழுதி அழித்தேன். பிறகு அவளுக்கு, "4.9தான் சரி. நாங்கதான் தப்பு. ஸாரி" என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"தெரியும். கயிறு தளர்ந்த நேரம் 0.61னு சொன்னியே, எப்படி?"

"மேலே போக 0.303. இறங்கவும் அதே. ரெண்டு மடங்கு."

"இறங்கும்போது உராய்வு எந்தப் பக்கம்?"

தாளைத் திருப்பினேன். மேலே போகும்போது சரிவும் உராய்வும் சேர்ந்து கீழே இழுக்கின்றன, 6.60. இறங்கும்போது உராய்வு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும், 3.20 மட்டுமே. அதே 0.303 மீட்டரை இறங்க 0.435 வினாடி. இரண்டையும் கூட்டினால் 0.74. எறிந்த பந்து ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் ஒன்று என்று மனப்பாடம் செய்ததை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறேன்.

"0.74" என்று மட்டும் அனுப்பினேன்.

"ம்" என்று வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று: "பரவாயில்ல, முறைக்கு மார்க் உண்டு."