ஹால்டிங் பேட்டா வரி எங்கே போனது

ஜூன் 9, 2025, திங்கள்

திருவொற்றியூரில் நாங்கள் மென்பொருள் செய்து கொடுக்கும் லாரி ஆபீசுக்குப் போயிருந்தேன். டிரெய்லர் ஓட்டும் அண்ணன் ஒருவர் இரண்டு டிரிப் ஷீட்டை நீட்டினார். பழையதில் "லோடு ஹால்டிங் பேட்டா" என்று ஒரு வரி, பக்கத்திலேயே தொகை. புதியதில் அந்த வரியே கிடையாது. "இன்னா தம்பி, ஜீரோ கேட் லைன்ல ராவெல்லாம் நின்னுட்டு வரேன், கேட்டா சிஸ்டத்துல வரலன்றாங்கோ" என்றார். ஜீரோ கேட் என்பது சென்னைத் துறைமுகத்தின் வாசல். அதற்காக எண்ணூர் விரைவுச்சாலையில் இரவில் கன்டெய்னர் வண்டிகள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காசு என்னவென்று தெரியும். கேபினிலேயே சமைத்து, கேபினிலேயே படுத்து, முன் வண்டி நகர்ந்தால் எழுந்து தானும் நகர்த்த வேண்டும். அதற்கான படி அது.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் உடனே கிட் பிளேம் போட்டுப் பார்த்தான். கிட் என்பது நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமித்து வைக்கும் கருவி. பிளேம் இப்போது கோப்பில் இருக்கிற வரியை யார் கடைசியாகத் தொட்டார்கள் என்றுதான் சொல்லும், இல்லாத வரியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கிட் கிரெப்பும் சும்மா போட்டால் இப்போதைய கோப்புகளைத்தான் பார்க்கும். வரலாற்றைக் காட்டும் கிட் லாகில் கிரெப் ஆப்ஷன் கொடுத்தால் கமிட் (ஒரு தடவை சேமித்த மாற்றம்) ஒவ்வொன்றுடனும் எழுதிய மெசேஜில் தேடும், அன்றைக்கு என்ன எழுதி வைத்தார்களோ அதுதான் கிடைக்கும். நமக்கு வேண்டியது அந்த எழுத்துகள் எந்த கமிட்டில் வந்தன, எந்த கமிட்டில் போயின என்பது. அதற்கு கிட் லாக் மைனஸ் கேப்பிடல் எஸ்.

ஜூன் 10, செவ்வாய்

முதலில், அவன் லேப்டாப்பில் பழைய கமிட்டுகளே இல்லை, ஆழம் ஒன்று என்று கொடுத்து, கடைசி கமிட் மட்டும் வரும்படி க்ளோன் (நகல்) எடுத்திருந்தான். ஃபெட்ச் அன்ஷாலோ போட்டதும் முழு வரலாறும் இறங்கியது.

அப்புறம் "லோடு ஹால்டிங்" என்று தட்டித் தேடினோம். ஒன்றுமே வரவில்லை. அச்சடித்த சீட்டு கையில் இருக்கிறது, வரலாற்றில் இல்லை என்றால் எப்படி?

தமிழில் நிரல் எழுதுகிற எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். "லோ"வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப் எட்டு முறையில் முதலாவது 3 பைட், இரண்டாவது 6 பைட். கிட் பைட்டைத்தான் ஒப்பிடுகிறது, அதனால் வேறு விசைப்பலகையில் அடித்த "லோடு" அதற்கு வேறு சொல். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே சிக்கல் உண்டு. "ஹால்டிங்" என்பதை மட்டும் கொடுத்துத் தேடினேன், வந்துவிட்டது.

ஆனால் பாதிதான் வந்தது. வரியைச் சேர்த்த கமிட் இருக்கிறது, எடுத்த கமிட் இல்லை.

ஜூன் 12, வியாழன்

நேற்று முழுக்க வேறு வேலை. இன்று காலை விம்கோ நகர் மெட்ரோவில் வரும்போதுதான் மெர்ஜ் ஞாபகம் வந்தது, அதாவது தனித்தனியாக வேலை நடந்த இரண்டு கிளைகளை ஒன்றாகச் சேர்க்கும் கமிட். கிட் லாக் சாதாரணமாக மெர்ஜ் கமிட்டுகளின் டிஃப்பை (எது மாறியது என்ற ஒப்பீட்டை) பார்ப்பதில்லை, எனவே இரண்டு கிளையிலும் ஒரே இடம் மாறியதால் வரும் மோதலை, கான்ஃப்ளிக்ட்டை, தீர்க்கும்போது ஒரு வரி விழுந்துவிட்டால் கேப்பிடல் எஸ் கண்ணில் படாது. கூடவே மைனஸ் சின்ன எம் கொடுத்தால் ஒவ்வொரு பெற்றோர் கமிட்டுடனும் தனித்தனியாக ஒப்பிடும். கொடுத்தோம். ஒரு மெர்ஜ் வந்து நின்றது.

பையன் கோப்பின் பெயரையும் சேர்த்துத் தேடிப் பார்த்தான், மறுபடி வெறுமை, வரியைச் சேர்த்த கமிட்கூட இல்லை. இப்படிக் கோப்பின் பாதை கொடுத்தால் கிட் வரலாற்றைச் சுருக்கும். மெர்ஜில் ஒரு பக்கத்துக் கோப்பு அப்படியே எடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடும், மற்ற பக்கம் நடக்கவே இல்லாதது மாதிரி ஆகிவிடும். ஃபுல் ஹிஸ்டரி என்ற ஆப்ஷனையும் சேர்த்தால்தான் தெரியும். தொலைந்ததைத் தேடுகிறவர்கள் முதல் தடவை பாதை கொடுக்காமலேயே தேடுங்கள்.

நடந்தது இதுதான். ஜிஎஸ்டி வேலைக்காக யாரோ பழைய கிளையில் டிரிப் ஷீட்டின் டெம்ப்ளேட்டை (அச்சு வடிவத்தை) மாற்றியிருக்கிறார்கள், மெயின் கிளையில் அதற்குள் பேட்டா வரி வந்துவிட்டது, சேர்க்கும்போது மோதல், கிளையின் கோப்பை முழுசாக எடுத்துவிட்டார்கள். டிரைவர் காசை நிறுத்தலாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. எனக்கு அது முக்கியம், ஏனென்றால் ஆபீசில் டிரைவர்களிடம் சொல்லப்பட்டது "ரூல் மாறிடுச்சு" என்பது.

இன்னொன்றும் பார்த்தேன். எத்தனை மணி நேரத்துக்கு மேல் நின்றால் பேட்டா என்ற நிபந்தனையும் மாறியிருக்குமோ என்று சந்தேகம். கேப்பிடல் எஸ் ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்ற எண்ணிக்கை மாறினால்தான் காட்டும், சொல் அப்படியே இருந்து பக்கத்து எண் மட்டும் மாறினால் காட்டாது. அதற்கு கேப்பிடல் ஜி, மாறிய வரிகளிலேயே தேடும். ஃபங்ஷன் முழுக்கவும் வேண்டுமென்றால் கேப்பிடல் எல். நல்லவேளை, எண்ணைத் தொடவில்லை.

ஜூன் 14, சனி

வரியைத் திருப்பி வைத்தாயிற்று, ஓகாரத்தை ஒரே குறியீடாக்கி. கமிட் மெசேஜில் எந்த மெர்ஜில் விழுந்தது, இந்தப் படி யாருக்கு, எதற்கு என்பதையெல்லாம் முழுசாக எழுதச் சொன்னேன், பையன் நன்றாகவே எழுதினான். வண்டி கேட் நுழைந்த நேரம் டேட்டாபேஸில் பத்திரமாக இருந்தது, அதிலிருந்து அந்த மெர்ஜுக்குப் பிறகான எல்லா டிரிப்புக்கும் பேட்டா கணக்குப் போட்டு, வண்டி எண் வாரியாக அச்சடித்து ஆபீசில் கொடுத்தோம். அடுத்த செட்டில்மென்ட்டில் சேர்க்கிறோம் என்றார்கள். அதே மெர்ஜில் வேறு என்னென்ன கோப்புகள் இப்படி ஒரு பக்கமாக எடுக்கப்பட்டன என்பதைத் திங்களன்று உட்கார்ந்து பார்க்க வேண்டும், டீசல் அட்வான்ஸ் சீட்டும் அதில் இருக்கிறது.